அம்மம்மா மாற்றிச் சொன்னதை மாற்றாமல் எழுதுவது எப்படி? முதுமையும் பிசகும் நினைவும் பற்றிய கவிதைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டில் மூன்று பேர்தான் இருக்கிறோம். அம்மம்மா ஏழு பேருக்கு அரிசி அளக்கிறார்.

ஆளுக்கு ஒரு ரின்பால்பேணி (ரின்பால் வந்த வெற்றுத் தகரக் குவளை) என்பது அவருடைய கணக்கு. ஆறு பேணியை விரலால் தலைதட்டி, அரிசி கழுவும் அரிக்கன்சட்டியில் கொட்டுவார். ஏழாவதை மட்டும் குவித்து அள்ளி, சிந்திவிடாமல் இடது கையை அண்டக் கொடுத்துக் கொண்டுவந்து கொட்டுவார். தொடக்கத்தில் நான் திருத்தினேன். "அம்மம்மா, மூன்று பேர்தானே இருக்கிறோம்" என்பேன். அவர் பேணியைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், பிறகு கூச்சத்தோடு நாலு பேணி அரிசியைத் திரும்ப வாளியில் போடுவார். அன்று முழுவதும் அதிகம் பேசமாட்டார். இப்படிப் பல மாதங்கள் போயின.

ஒரு நாள் திருத்தாமல் விட்டேன். ஏழாவது பேணியைக் கொட்டும்போது, "இவன் இரவில்தான் வருவான். பசியோடு வருவான்" என்று தனக்குள் சொன்னார். எந்த மாமாவைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் எழுதத் தவித்துக்கொண்டிருந்த கவிதை அத்தனை மாதமும் அரிக்கன்சட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது. நான்தான் அதை ஒவ்வொரு நாளும் அள்ளி வாளிக்குள் திருப்பிப் போட வைத்தேன்.

இலங்கையின் வடக்கே வன்னியில், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கத்து ஊர்களில் இப்படி அளக்கும் கைகள் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. அந்த வீடுகளில் எழுத விரும்பும் பிள்ளைகளுக்காகவும், தங்கள் முதுமையைத் தாங்களே எழுத நினைக்கும் பெரியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: நினைவு பிசகும் இடத்தைத் திருத்திவிட்டுக் கவிதை எழுத உட்காராதீர்கள். அந்தப் பிசகையே எழுதுங்கள். அதை எப்படிச் செய்வது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதற்படி: கேட்கும் முறை

வீட்டுக்கு வருகிறவர்கள் வயதானவரின் முன் குனிந்து நின்று, "நான் யார், சொல்லுங்கள் பார்க்கலாம்" என்று கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் பதில் தெரியாதவருக்கு அது பரீட்சை மண்டபம். அந்தக் கேள்வியை உங்கள் வாயிலிருந்து முதலில் எடுத்துவிடுங்கள். "நான் தேவியின் மகள், அம்மம்மா" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் உட்காருங்கள்.

"எப்போது நடந்தது?" என்றும் கேட்காதீர்கள். எங்கள் பெரியவர்களின் நாட்காட்டியில் தேதிகள் குறைவு. காலபோகம், சிறுபோகம், பாலைப்பழக் காலம், வற்றாப்பளைப் பொங்கல், குளம் நிறைந்து வான் பாய்ந்த மாரி என்றுதான் அது ஓடுகிறது. பெரிய ஆண்டுகளுக்கும் அவர்களிடம் பெயர் இருக்கிறது: புயல் வந்த மார்கழி (அது 1964), கலவரத்துக்குப் பிறகு மலையகத்துக் குடும்பங்கள் வந்து குடியேறிய காலம் (1977), யாழ்ப்பாணத்துச் சனம் வந்து சேர்ந்த காலம் (1995, 1996), கடல் வந்தது (2004). போர் முடிந்த 2009ஐ மட்டும் பெயர் வைக்காமல் "கடைசி" என்கிறார்கள். "அது கடல் வருவதற்கு முன்பா?" என்று கேட்டுப் பாருங்கள். ஆண்டைக் கேட்டபோது கிடைக்காத விடை அப்போது கிடைக்கும்.

கைக்கு ஏதாவது கொடுங்கள். சுளகைக் கொடுத்தால் புடைப்பார், ஓலையைக் கொடுத்தால் பின்னத் தொடங்குவார். பெயர்களும் நாட்களும் போன பிறகும் கை பழகிய வேலை நெடுநாள் தங்கும். அந்த வேலையினூடே வரும் பேச்சு, கதிரையில் உட்காரவைத்துக் கேட்டால் வரும் பேச்சைவிடச் செழிப்பானது. அம்மம்மா புடைத்துக்கொண்டே சொன்ன ஒரு வசனத்தைக்கூட என் கேள்விகளால் என்னால் வரவழைத்திருக்க முடியாது.

மூச்சு மாறினால், கண் ஓரிடத்தில் குத்தி நின்றால், கேட்பதை அங்கேயே நிறுத்துங்கள். ஒரு செம்பு தண்ணீர் கொடுங்கள். கவிதை இன்னொரு நாள் வரும், வராவிட்டாலும் பரவாயில்லை.

கேட்டதைக் குறிக்க இரண்டு கொப்பிகள் வாங்கிக்கொள்ளுங்கள். ஏன் இரண்டு என்பதைப் பின்னால் சொல்கிறேன். இந்த வழிகாட்டியில் எனக்கு மிக முக்கியமான பகுதி அதுதான்.

இரண்டாம் படி: பிசகு எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளுதல்

நினைவு பெட்டகத்தில் வைத்த சேலை போல மடித்தபடி இருப்பதில்லை. ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் அது மறுபடி நெய்யப்படுகிறது. ஆங்கிலேய உளவியலாளர் பிரெடெரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட ஆய்வில், வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றைப் படித்தவர்களை இடைவெளி விட்டு விட்டுத் திருப்பிச் சொல்ல வைத்தார். கதை ஒவ்வொரு தடவையும் சுருங்கியது. பழக்கமில்லாத விவரங்கள் பழக்கமானவையாக மாறின. அந்த மக்களின் தோணி, சொன்னவர்களின் வாயில் சாதாரணப் படகாகிவிட்டது. சொன்னவர்கள் எவரும் பொய் சொல்லவில்லை. தங்களுக்குத் தெரிந்த உலகத்தைக் கொண்டு ஓட்டையை அடைத்தார்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. மறதி நோயில் பெரும்பாலும் அண்மையில் நடந்தவை முதலில் போகின்றன, பழையவை பின்னால்தான் போகின்றன. பிரெஞ்சு அறிஞர் ரிபோ 1881இலேயே இதை எழுதிவிட்டார். நடுவயது கடந்தவர்களைக் கேட்டால், ஏறக்குறைய 10 வயதிலிருந்து 30 வயது வரையான காலத்தைத்தான் மிகுதியாக நினைவுகூர்கிறார்கள் என்பதும் பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது.

வன்னிக்காரருக்கு இதை விளக்க ஒரு குளம் போதும். மாரியில் குளம் நிறைந்திருக்கும்போது மேலே தண்ணீர் மட்டும்தான் தெரியும். ஆவணியில் வற்றிவிடும். அப்போது நடுக்குளத்தில் எப்போதோ மூழ்கிய பட்டமரங்களின் அடிக்கட்டைகள் கறுத்து எழுந்து நிற்கும். நேற்றுப் பெய்த தண்ணீர் போய்விட்டதால்தான் அவை தெரிகின்றன. காலையில் சாப்பிட்டதை மறந்த அம்மம்மா, பன்னிரண்டு வயதில் அரிவு வெட்டிய வயலின் வரம்புகளை வரிசையாகச் சொல்வது இதனால்தான்.

இங்கே ஒரு சொல் சொல்லியே ஆகவேண்டும். தடுமாற்றம் சில நாட்களுக்குள் திடீரென்று வந்தால் கொப்பியை மூடிவிட்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், சில மருந்துகள் முதியவரின் புத்தியைக் கலக்கிவிடும். மெல்ல வரும் மறதிக்கும் தைராய்டுக் குறைபாடோ உயிர்ச்சத்து பி12 குறைபாடோ காரணமாக இருக்கலாம், அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. குணமாக்கக்கூடிய ஒன்றைக் கவிதைப் பொருளாக்கி இரசித்துக்கொண்டிருப்பது பெரிய பாவம்.

மூன்றாம் படி: பிசகைக் கண்டுபிடித்தல்

ஒரு மாதம் குறித்துவைத்தால் உங்கள் கொப்பியில் பிசகுகள் சேர்ந்துவிடும். ஆளை மாற்றிக் கூப்பிடுவது, இறந்தவரை "வயலுக்குப் போயிருக்கிறார்" என்பது, பிறர் சொல்லிக் கேட்டதைத் தான் கண்டதாகச் சொல்வது, தான் கண்டதைப் பிறர் சொன்னதாகச் சொல்வது எல்லாம் இருக்கும். வன்னிக்கு என்று தனியாக ஒரு வகையும் இருக்கிறது. இடங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது.

அம்மம்மா ஒருநாள் கிணற்றைப் பற்றிச் சொன்னார். "விடியற்காலையில் துலா மிதித்து, கப்பியில் கயிறு போட்டு அள்ளி, மஞ்சள் கலனில் ஊற்றி வரிசையில் வைத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவேன்." நான் எழுதிக்கொண்டேன். இரவில் திரும்பப் படித்தபோதுதான் விளங்கியது. துலா அவர் பிறந்த வீட்டுக் கிணற்றில் இருந்தது. கப்பி கலியாணம் செய்துபோன வீட்டில் இருந்தது. மஞ்சள் பிளாஸ்டிக் கலனும் வரிசையும் 2009இல் செட்டிகுளத்து இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்தவை. பள்ளிக்கூடம் போன சிறுமி ஒருத்தி மூன்று இடத்துத் தண்ணீரையும் ஒரே காலையில் அள்ளியிருக்கிறார்.

பல தடவை இடம்பெயர்ந்தவரின் நினைவில் வீடுகள் இப்படித்தான் அடுக்கப்படுகின்றன. இதைப் பிரித்து ஒழுங்குபடுத்தினால் மூன்று வெவ்வேறு கிணறுகள் கிடைக்கும், ஒவ்வொன்றும் எல்லாருக்கும் தெரிந்த கிணறு. பிரிக்காமல் விட்டால் உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு கிணறு கிடைக்கும். அதிலே ஒரு பெண்ணின் எழுபது ஆண்டுத் தாகம் இருக்கிறது. எதை எழுதுவீர்கள்?

இதுதான் பயிற்சி: உங்கள் கொப்பியில் இப்படி ஒட்டிய ஒரு வசனத்தைத் தேடுங்கள். ஒட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று உங்களுக்கு மட்டும் தெரியும்படி பென்சிலால் அடையாளமிடுங்கள். வாசகருக்கு அதை விளக்காதீர்கள். மஞ்சள் கலன் போதும், முகாமைக் கண்டவர்கள் கண்டுகொள்வார்கள்.

நான்காம் படி: ஒரு பழைய பாட்டின் பக்கத்தில் உட்காருதல்

முதுமையும் நினைவும் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் புறநானூற்றின் 243ஆம் பாட்டை மனப்பாடம் செய்யவேண்டும் என்பது என் பிடிவாதம். பதினான்கே அடிகள். "இனி நினைந்து இரக்கம் ஆகின்று" என்று தொடங்குகிறது. மணலில் பாவை செய்து அதற்குப் பூச் சூட்டி, குளத்தில் ஆடும் பெண்களோடு கைகோத்து ஆடி, நீர்மேல் தாழ்ந்த மருதமரத்தின் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் மருள, திவலை தெறிக்க, ஆழ்ந்த குட்டத்தில் துடும் என்று பாய்ந்து, மூழ்கி, அடியிலிருந்து மணலை அள்ளிக்கொண்டுவந்து காட்டிய அந்த அறியா இளமை இப்போது எங்கே இருக்கிறது என்று ஒரு கிழவர் கேட்கிறார்.

அதை எப்படிக் கட்டியிருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். இளமைக்குப் பத்தடி. முதுமைக்கு மூன்றே அடி: "தொடித்தலை விழுத்தண்டு ஊன்றி நடுக்குற்று, இருமிடை மிடைந்த சிலசொல், பெருமூதாளரேம் ஆகிய எமக்கே." பூண் பிடித்த தடியை ஊன்றி, நடுங்கி, இருமலுக்கு இடையிடையே சில சொல் மட்டும் பேசுகிறவர். இளமையின் பத்தடியும் வினையெச்சங்களாகவே ஓடுகின்றன: தைஇ, பிணைந்து, தழீஇ, ஏறி, பாய்ந்து, குளித்து. மூச்சு விடாமல் ஓடிவந்து முதுமையில் இருமலோடு நிற்கிறது. "நான் முதுமையடைந்தேன், எல்லாம் போயிற்று" என்று அவர் புலம்பவே இல்லை. வாக்கியத்தின் மூச்சே அதைச் சொல்லிவிடுகிறது.

அந்த மணலையும் கவனியுங்கள். அடியைத் தொட்டேன் என்பதற்கு அது சான்று. எங்கள் குளங்களிலும் மருதமரங்கள் கரையோடு சாய்ந்து நிற்கின்றன, பிள்ளைகள் இன்றும் மூழ்கி அடிமண் எடுத்துக் கையை உயர்த்திக் காட்டுகிறார்கள். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பாடப்பட்டதை முல்லைத்தீவுப் பிள்ளை ஒருவன் விளக்கமில்லாமல் புரிந்துகொள்கிறான். இதில் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும்.

பாடியவரின் இயற்பெயர் எவருக்கும் தெரியாது. பாட்டின் சொற்றொடரையே பெயராக்கித் தொடித்தலை விழுத்தண்டினார் என்று அழைக்கிறோம். பெயர் மறந்துபோய் ஊன்றிய தடி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இதைப் போல எழுதச் சொல்லவில்லை. அளவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: இளமையைச் செயலால் நிறையுங்கள், முதுமைக்குக் குறைவான அடிகளைக் கொடுங்கள்.

ஐந்தாம் படி: ஐயத்தைச் சொல்லும் தமிழ்

அந்தப் பாட்டில் கிழவர் கேட்பது "யாண்டுண்டு கொல்லோ". 'கொல்' என்பது ஐயத்துக்கென்றே இருந்த சொல். இன்று அது பேச்சில் இல்லை, ஆனால் அதன் வேலையைச் செய்யப் பல சொற்கள் நம் வாயில் இருக்கின்றன. முதியவரின் பேச்சில் அவை நிறைந்திருக்கும். நாம்தான் எழுதும்போது "தெளிவுக்காக" வெட்டிவிடுகிறோம்.

'ஆம்' என்ற விகுதியைப் பாருங்கள். "குளம் உடைத்ததாம்" என்றால் சொல்பவர் பார்க்கவில்லை, கேள்விப்பட்டார். அம்மம்மா ஒருநாள் தன் கலியாணத்தைப் பற்றி, "பந்தல் பெரிதாகப் போட்டார்களாம்" என்றார். மணவறையில் இருந்தவரே "போட்டார்களாம்" என்கிறார். தன் வாழ்க்கையே தனக்குக் கேள்விப்பட்ட செய்தியாகிவிட்டது என்பதை அந்த ஒரு விகுதி சொல்லிவிட்டது. இதை விளக்க நான் ஒரு பக்கம் எழுதினாலும் அந்த அளவுக்கு வராது. பேச்சைக் குறிக்கும்போது இந்த 'ஆம்'களை ஒன்றுவிடாமல் குறியுங்கள்.

'ஆக்கும்' நம் பக்கத்துச் செல்வம். "வருவானாக்கும்" என்பதில் நம்பிக்கையும் சந்தேகமும் ஒன்றாக இருக்கின்றன. "வேம்போ புளியோ" என்ற ஓகாரம், "போல", "இல்லை இல்லை" என்று தன்னையே மறுத்துக்கொள்வது எல்லாம் கருவிகள். ஒரு சிறு மாதிரி:

வாசலில் நின்றது வேம்பு.
இல்லை, புளி.
வேம்போ புளியோ,
நிழலில் தொட்டில் ஆடியதாம்.
உள்ளே நான்தானாம்.

காலத்தையும் திருத்தாதீர்கள். இறந்தவரைப் பற்றி நிகழ்காலத்தில் பேசினால் நிகழ்காலத்திலேயே எழுதுங்கள். அடுத்த அடியில் அது இறந்தகாலத்துக்கு வழுக்கினால் வழுக்கட்டும்.

ஆறாம் படி: எழுதுதலும் வெட்டுதலும்

அரிசியைப் பற்றி நான் முதலில் எழுதியது இது:

மறதியின் இருளில்
தேய்கிறது அம்மம்மாவின் நிலவு.
காலக் கடலில் கரைந்துபோயின
அவர் நினைவுச் சருகுகள்.

எழுதியபோது கண் கலங்கியது. மறுநாள் படித்தபோது இது யாருடைய அம்மம்மா என்றே தெரியவில்லை. நிலவு தேய்கிறது, சருகு கடலில் கரைகிறது. அரிசியும் இல்லை, பேணியும் இல்லை. இந்த விடயத்தை எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்தச் சொற்களில்தான் முதலில் போய் விழுகிறோம்: காலம், நிழல், சருகு, அந்தி, சாயும் சூரியன், கரையும் மெழுகு. ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள். 'நினைவு', 'மறதி' என்ற இரண்டு சொற்களையும் அதில் சேருங்கள். முதல் வரைவில் அவை வரட்டும், இரண்டாவதில் ஒன்றுகூட இருக்கக்கூடாது.

பிறகு நான் பார்த்ததை மட்டும் பார்த்த வரிசையில் எழுதினேன். ஏழாவது பேணியைக் குவித்து அளப்பது நாலாவது வரைவில்தான் உள்ளே வந்தது. அவர் அளக்கும்போது முற்றத்தில் நின்று பார்த்து, உள்ளே வந்து எழுதினேன். அதுவரை எல்லாப் பேணியும் ஒன்றென்று நினைத்திருந்தேன்.

மூன்று பேர்தான் வீட்டில்.
ஆறு பேணி தலைதட்டி.
ஏழாவது மட்டும் குவித்து,
சிந்தாமல் கை அண்டக் கொடுத்து.
"இவன் இரவில்தான் வருவான்."

விடிகிறது.
சட்டி நிறையப் பழஞ்சோறு.
"யார் இவ்வளவு சோறு வடித்தது?"
என்னைக் கேட்கிறார்.

மாமா யார், என்ன ஆனார் என்று கவிதையில் ஓர் அடி இருந்தது. வெட்டிவிட்டேன். குவித்த பேணிக்கு அப்பால் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

ஏழாம் படி: திரும்ப வருதல்

ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்கும்போது வீட்டிலுள்ளவர்களுக்கு எரிச்சல் வரும். எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் காது கொடுத்தால் பத்தும் ஒன்றல்ல என்று தெரியும்.

"குளம் வான் பாய்கிறதா பிள்ளை?"
ஓம் அம்மம்மா.
"குளம் வான் பாய்கிறதா ராசா?"
ஓம் அம்மம்மா.
"குளம் வான் பாய்கிறதா அம்மா?"
ஓம் மகள்.

கேள்வி மாறவில்லை. கேட்பவரின் வயது மாறிக்கொண்டே போகிறது. எங்கள் ஒப்பாரியும் இப்படித்தான் நடக்கிறது, ஒரே அடி திரும்ப வரும், விளிப்பு மட்டும் மாறும். ஊரில் ஒப்பாரி சொல்லத் தெரிந்த பெண்கள் இருந்தால் ஒரு மாலை போய்க் கேளுங்கள்.

எட்டாம் படி: இரண்டாவது கொப்பி

நினைவை நம்ப முடியாது என்று வேறு எந்த ஊரில் எழுதினாலும் அது ஒரு தத்துவம். வன்னியில் எழுதினால் அதை யாராவது எடுத்து வேறு வேலைக்குப் பயன்படுத்துவார்கள்.

2009இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்களில் பலர் படங்களையும் காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் வழியில் விட்டுவிட்டார்கள். அந்தக் குடும்பங்களில் ஒரு தாயின் வாய்ச்சொல்தான் எஞ்சிய ஆவணம். கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் தேதி தொடங்கிய தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் முதிய பெற்றோர். அவர்களில் பலர் விடை கிடைக்காமலேயே இறந்துபோனார்கள். ஆணைக்குழுக்களின் முன்னால் ஒரே கதையை மறுபடி மறுபடி சொல்ல வைக்கப்பட்டவர்கள் அவர்கள். ஒரு தடவை "மத்தியானம்" என்றும் இன்னொரு தடவை "மாலைப்பொழுது" என்றும் சொல்லியிருக்கலாம். பிள்ளையைக் கையில் பிடித்துக் கொடுத்தது அதனால் நடக்காமல் போய்விடாது.

ஆகவே ஒரு கொப்பி கவிதைக்கு, மற்றது சாட்சியத்துக்கு. சாட்சியக் கொப்பியில் சொன்னவர், சொன்ன நாள், இடம், சொன்ன சொல் ஆகியவற்றை எழுதுங்கள். உங்கள் ஊகத்தை வேறு நிறப் பேனையால் எழுதுங்கள். அடுத்த தடவை மாற்றிச் சொன்னால் முதலில் சொன்னதை அழிக்காமல் கீழே நாளிட்டு எழுதுங்கள். குடும்பத்தில் வேறு எவருக்காவது தெரிந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே அழகு வேண்டாம், ஓர் உவமைகூட வேண்டாம். ஒரு நாள் யாராவது அதைக் கேட்டு வருவார்கள் என்ற எண்ணத்தோடு எழுதுங்கள். பூச்சி அரிக்காமல் பொலித்தீன் பையில் போட்டு வையுங்கள்.

கவிதைக் கொப்பியில் பிசகு சுதந்திரமாக இருக்கலாம். ஆனால் அங்கேயும் எனக்கென்று ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். கிணறு, மரம், அரிசி, மழை ஆகியவற்றில் பிசகைத் தேடுவேன். யாரை யார் கொண்டுபோனார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்பதைச் சுற்றி "இருந்ததோ இல்லையோ" என்று ஒருபோதும் விளையாடமாட்டேன். உண்மைப் பெயரையும் உண்மைத் தேதியையும் போட்டு, நடுவில் கற்பனையைச் செருகிப் பதிவு போலக் காட்டவும் மாட்டேன். இது எல்லாரும் ஏற்கும் விதி என்று சொல்லவில்லை. இந்த மண்ணில் இருந்து எழுதுகிறவரிடம் இதை எதிர்பார்க்கிறேன்.

முதியவரே எழுதுவதானால்

ஐயா, அம்மா, உங்களுக்கு ஒரே ஒரு பயிற்சி சொல்கிறேன். நினைவில் இருப்பதை எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்று மலைப்பாக இருக்கும். நினைவில் இல்லாததை எழுதுங்கள். ஒவ்வோர் அடியையும் "எனக்கு நினைவில்லை" என்று தொடங்குங்கள்.

எனக்கு நினைவில்லை, படலை எந்தப் பக்கம் திறந்தது.
எனக்கு நினைவில்லை, அடைக்கு வைத்த கோழியை யாரிடம் விட்டோம்.
எனக்கு நினைவில்லை, கதவைப் பூட்டினேனா.
திறப்பு மட்டும் இருக்கிறது.

எழுத்து நடுங்கினால் பேரப்பிள்ளையின் கைத்தொலைபேசியில் சொல்லிப் பதிவு செய்யுங்கள். கண்ணில் வெண்படலம், முழங்கால் நோ, பல்லில்லாத வாயில் ஒடியல்கூழின் சுவை எல்லாம் எழுதத் தகுந்தவையே. புறநானூற்றுக் கிழவர் இருமலையே எழுதினார்.

கடைசிப் படி: வாசித்துக் காட்டுதல்

யாரைப் பற்றி எழுதினீர்களோ அவருக்கு முதலில் வாசித்துக் காட்டுங்கள். புரியாது என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெற்றிலை போட்டு ஆறுதலாக இருக்கும் நேரம் நல்லது. மெல்ல வாசியுங்கள். முகம் சுருங்கினால் அந்த அடியில் நிறுத்துங்கள். வேண்டாம் என்றால் அந்தக் கவிதை கொப்பியிலேயே இருக்கட்டும், வெளியே போகவேண்டியதில்லை.

பேணிக் கவிதையை அம்மம்மாவுக்கு வாசித்த நாள் எனக்குக் கை வியர்த்தது. பத்தியில் காலை நீட்டி உட்கார்ந்து பாக்குச் சீவிக்கொண்டிருந்தார். கடைசி அடி வரை பாக்குவெட்டி நிற்கவில்லை. முடிந்ததும், "இன்னொருக்கால் வாசி" என்றார். வாசித்தேன். இந்தத் தடவை நடுவில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சோற்றை யாராவது சட்டியில் வடிப்பார்களா? அது கறிக்கு. பானை என்று எழுது."

சரி அம்மம்மா என்றேன்.

"பெரிய பானை. ஏழு பேருக்குச் சின்னப் பானை காணாது."

பேனையை எடுத்து அவர் பார்க்கும்படியே வெட்டி எழுதினேன்.

பெரிய பானை நிறையப் பழஞ்சோறு.